உறுதி வாசித்த கண்ணால் நொக்ஸ் காலத்துக் கடிதம் வாசிப்பது

நான் வரலாறு படித்தவள் அல்ல. காணி உறுதிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் 22 வருஷம் கிளாக்கராக இருந்தவள். பாதிக் காலம் கிளிநொச்சியில், மீதி இடம்பெயர்ந்த ஊர்களில். பழைய உறுதியை வாசித்துப் புதிய உறுதிக்கு எல்லை எடுப்பது என் வேலை. செத்துப்போன ஆட்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டிப் பழகியவள் என்பதால்தான் தங்கச்சியின் மகள் போன மாரியில் தன் பல்கலைக்கழக ஒப்படையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"பெரியம்மா, இதில 'கொய்லட் வன்னியா' எண்டு ஒரு ஆள் வருது. ஆரெண்டு விளங்கேல்லை."

அது ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரர் 1681இல் லண்டனில் அச்சிட்ட இலங்கைப் புத்தகம். 1660இல் கொட்டியாரக் குடாவில் தகப்பனோடு பிடிபட்டு, கண்டி இராச்சியத்துக்குள் 19 வருஷத்துக்கு மேல் கிடந்து, 1679இல் அநுராதபுரம் வழியாகத் தப்பி, எங்கள் அருவியாற்றுக் கரையோடு இறங்கி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்த அதே நொக்ஸ்.

"புத்தகத்தை மூடு. சத்தமா மூண்டு தரம் சொல்லு" என்றேன். மூன்றாம் தரத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கைலை வன்னியன். பனங்காமத்துக் கைலாய வன்னியன். கண்டிக்கும் கட்டுப்படாமல், ஒல்லாந்தருக்கும் பேருக்கு ஏதோ கொடுத்துவிட்டுத் தன் பாட்டில் இருந்த சிற்றரசன் என்று நொக்ஸே எழுதுகிறார். காதில் விழுந்ததை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறார். கண்ணால் வாசித்தால் புதிர். காதால் வாசித்தால் ஊர்ப் பேர்.

இதை முதலில் பழகிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் எழுத்துக்கூட்டலுக்குச் சட்டம் இல்லை. ஒரே ஆள் ஒரே கடிதத்தில் தன் சொந்தப் பெயரையே இரண்டு விதமாக எழுதுவார். விளங்காத சொல்லைச் சத்தம் போட்டு வாசியுங்கள். வீட்டில் மற்றவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

புத்தகம் முடிந்ததும் பிள்ளைக்கு அடுத்த கேள்வி வந்தது. இந்த ஆள் கடிதம் எழுதவில்லையா? எழுதியிருக்கிறார். அதைத் தேடிப் போனதில்தான் நாங்கள் இருவரும் 16ஆம், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கனவான்களினதும் படிப்பாளிகளினதும் கடிதக் கட்டுகளுக்குள் விழுந்தோம். ஒரு மாரி முழுக்கப் போய்விட்டது. விழுந்து எழும்பியதில் கற்றதை எழுதுகிறேன், அடுத்த பிள்ளைக்கு நேரம் மிஞ்சட்டும்.

எழுதியவரைத் தேடாதீர்கள், வைத்தவரைத் தேடுங்கள்

உறுதி தேடி வருகிறவர்கள் எப்போதும் விற்றவரின் பெயரைச் சொல்லித்தான் தேடுவார்கள். நான் கேட்பது: வாங்கினது யார், அவருக்குப் பிறகு பெட்டி யாரிடம் போனது? கடிதமும் அப்படித்தான். எழுதியவரின் கையை விட்டுப் போனதுதான் கடிதம். அது கிடந்தால் பெற்றவரின் பெட்டியில்தான் கிடக்கும்.

நொக்ஸ் எழுதிய கடிதங்களை அதனால் நொக்ஸின் பெயரில் தேடி அலைய வேண்டாம். அவருடைய உறவுக்காரர் ஜோன் ஸ்ட்ரைப் என்ற பாதிரியார், லண்டனுக்கு வெளியே லேய்டன் என்ற ஊர்க் கோயிலில் ஒரு வாழ்நாள் முழுக்க இருந்தவர், இங்கிலாந்துத் திருச்சபை வரலாறு எழுதியவர். வந்த கடிதம் எதையும் எறியாத மனுஷன். அவருடைய கடிதக் கட்டுகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நொக்ஸ் அவருக்குள்ளே இருக்கிறார்.

கட்டுகள் தப்பிய கதையை ஒவ்வொரு தொகுதிக்கும் விசாரித்து எழுதி வையுங்கள். சாமுவேல் ஹார்ட்லிப் என்று ஒருவர் 1628 அளவில் லண்டனில் குடியேறிய ஜெர்மன்காரர். விவசாயம், தேனீ, பள்ளிக்கூடம், இரசாயனம் என்று ஐரோப்பாவில் எவன் எதைக் கண்டுபிடித்தாலும் அவருக்கு எழுதுவான். அவர் படி எடுத்து அடுத்தவனுக்கு அனுப்புவார். 1662இல் செத்துப்போனார். அவர் கடதாசிகள் காணாமலே போய், 1933இல் ஒரு சட்டத்தரணி கந்தோரில் பெட்டியோடு அகப்பட்டன. இப்போது ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் 25,000 தாள் வரை இருக்கிறது. இதை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கடதாசியைக் காப்பாற்றுகிறது ராசாக்கள் அல்ல, கந்தோர் அலுமாரி.

கனவான் குடும்பங்களின் கட்டு வேறு மாதிரி. ஸ்டபோர்ட்ஷயரின் பாகொட் குடும்பத்துக் கடிதங்கள் ஆயிரத்துக்கு மேல் அமெரிக்காவில், வொஷிங்டன் ஃபோல்ஜர் நூலகத்தில் கிடக்கின்றன. வேர்னி குடும்பத்துக் கடிதங்கள் இன்னும் அவர்களின் கிளேடன் மாளிகையிலேயே. இவற்றில் தத்துவம் தேடாதீர்கள். வழக்கு, சீதனம், மான் இறைச்சி அனுப்பினது, பக்கத்துக் காணிக்காரனோடு எல்லைச் சண்டை. எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை.

எங்கே தேடுவது

ஒக்ஸ்போர்டில் 2009இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் 'ஏர்லி மொடேர்ன் லெட்டர்ஸ் ஒன்லைன்' என்று ஒரு கூட்டுப் பட்டியல் செய்திருக்கிறார்கள். யார், யாருக்கு, எங்கிருந்து, எந்த நாள், இப்போது கடிதம் எந்த நூலகத்தில் என்று கிடைக்கும். பல இடங்களில் படம் இராது. அது முகவரிப் புத்தகம், பெட்டி அல்ல. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்து 'டிஸ்கவரி' பட்டியல் மற்றக் காப்பகங்களில் உள்ளதையும் காட்டும். ஃபோல்ஜர் நூலகம் நல்ல தெளிவான படங்களை இலவசமாகத் தருகிறது. தொடங்குகிறவர்களுக்கு அதுதான் என் முதல் சொல்.

1869இல் இங்கிலாந்தில் ஓர் ஆணைக்குழு அமைத்து, தனியார் வீடுகளில் கிடந்த கடிதங்களைப் போய்ப் பார்த்துச் சுருக்கி அச்சடித்தார்கள். அந்தத் தொகுதிகள் இன்டர்நெட் ஆக்கைவ் என்ற இணையத்தளத்தில் கிடக்கின்றன. உதவியானவை, ஆனால் சுருக்கம் சுருக்கம்தான். பிள்ளை வருத்தம், கோழிக்குஞ்சு, புடவை விலை என்று பெண்கள் எழுதினதைப் பல இடங்களில் தள்ளிவிட்டு அரசியல் வரியை மட்டும் எடுத்திருப்பார்கள். அச்சில் இல்லை என்பதற்காகக் கடிதத்தில் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

பார்த்த படத்தை அன்றைக்கே இறக்கி வையுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தை 2023 ஒக்ரோபரில் யாரோ கணினி வழியாகத் தாக்கி, நேற்றுவரை பார்த்த ஏடுகள் எல்லாம் ஒரே இரவில் இல்லாமல் போயின. எரிந்த நூலகம் எங்களுக்குப் புதிது இல்லை. எரியாமலே மறையும் என்பது புதிது. நாங்கள் இரவு டேற்றாவில் இறக்கி, கொம்யூனிகேசன் கடையில் பெரிதாக்கி அச்செடுத்தோம். போன் திரையில் வாசிக்கப் பழகாதீர்கள், கண் போய்விடும். அச்சுத் தாளில் பென்சிலால் குறிக்கலாம்.

ஒவ்வொரு படத்தின் பின்னும் நூலகத்தின் பெயர், தொகுதி எண், தாள் எண் மூன்றையும் அங்கே இருப்பதுபோல எழுதுங்கள். இலக்கம் இல்லாத உறுதியும் ஊர் சொல்லாத மாப்பிள்ளையும் ஒன்று. தாள் எண் என்றால் பக்க எண் அல்ல. எங்கள் ஏட்டுச் சுவடியில் இதழுக்குத்தானே எண் போடுவது? அதே வழக்கம். ஒரு தாளுக்கு ஓர் எண், அதற்கு முன்பக்கம், பின்பக்கம்.

உள்ளே போகுமுன் வெளியே பாருங்கள்

இதில் நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் அவசரக்காரர் எல்லாரும் தாண்டிப் போகிற இடம் இது.

அப்போது கடித உறை இல்லை. எழுதிய தாளையே மடித்து, ஓட்டை போட்டுப் பட்டுநூலோ கடதாசி வாரோ கோத்து, அரக்கு முத்திரை வைத்து மூடுவார்கள். ஆகவே மடிப்பு ரேகையைப் பாருங்கள். சின்னதாக மடித்து இறுக்கிப் பூட்டியிருந்தால் இரகசியத்துக்கு, அல்லது செல்லத்துக்கு. வெளிப்பக்கத்தில் முகவரி இருக்கும். அதற்குப் பக்கத்தில் வேறு மையில், வேறு கையில், 'இன்னாரிடமிருந்து, இன்ன நாள்' என்று இருந்தால் அது பெற்றவரோ அவருடைய கிளாக்கரோ கட்டில் அடுக்குவதற்காக எழுதியது. உள்ளே திகதி இல்லாத கடிதத்துக்கு அந்த ஒரு வரிதான் சில வேளை சாதகக் குறிப்பு.

யார் கொண்டு போனது என்றும் பாருங்கள். அரச தபால் பொதுமக்களுக்குத் திறந்தது 1635இல்தான். அதற்குப் பிறகும் வேலைக்காரன், வண்டில்காரன், ஊருக்குப் போகிற உறவினன் கையில் கொடுத்தனுப்பியவர்கள் ஏராளம். 'மிச்சத்தை இதைக் கொண்டு வருகிறவர் சொல்லுவார்' என்ற வரியைக் கண்டால், முக்கியமான சங்கதி தாளில் இல்லை என்று அர்த்தம். அதை அந்த ஆள் வாயிலேயே கொண்டு போய்விட்டான்.

பிறகு வெற்றிடம். எழுத்து முடிகிற இடத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் பெரிய வெளி விட்டு, மூலையில் ஒடுங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தால், எழுதியவர் பெரிய இடத்துக்குப் பணிந்து எழுதுகிறார். கடதாசி விலை கூடின காலத்தில் வெறும் தாளை விடுவது மரியாதை. அரசாங்கக் கச்சேரிக்குப் பெட்டிசம் எழுதின எனக்கு இது உடனே பிடிபட்டது. அச்சுப் பிரதியில் இந்த வெளி தெரியாது.

வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே ஒளித்த கடிதமும் உண்டு. பிரில்லியானா ஹார்லி என்ற அம்மாள் ஹெரிபோர்ட்ஷயரில், பிராம்டன் பிரையன் கோட்டையில் இருந்தவர். ஒக்ஸ்போர்டில் படித்த மகன் நெட்டுக்கு எழுதிக்கொண்டே இருப்பார்: குளிருக்குப் போர்த்திக்கொள், உடம்பைப் பார். இங்கிலாந்தின் உள்நாட்டு யுத்தம் வந்து, கணவர் லண்டனில், மகன் படையில், சுற்றிலும் எதிராளிகள். 1643இல் மகனுக்கு ஓர் வெட்டுத்தாள் அனுப்புகிறார். அதைக் கடிதத்தின் மேல் சிலுவைக் குறிக்குச் சரியாகக் குத்தி வைத்தால், வெட்டின ஓட்டைகள் வழியாகத் தெரிகிற சொற்கள் மட்டும்தான் செய்தி. மற்றதெல்லாம் வெறும் நிரப்பு. அந்த வருஷமே முற்றுகையைத் தாங்கி நின்று, ஒக்ரோபரில் வருத்தத்தில் இறந்தார். பிள்ளை இதை வாசித்துக் காட்டியபோது நான் அடுப்படிக்கு எழும்பிப் போனேன். முற்றுகைக்குள் இருந்து எழுதுகிற கடிதத்தில் எது செய்தி, எது நிரப்பு என்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கையெழுத்து

இரண்டு வகை உண்டு. இத்தாலிய முறை இன்றைய எழுத்துக்குக் கிட்ட. பெண்களும் படிப்பாளிகளும் விரும்பியது. மற்றது கிளாக்கர்மார் கை, 'செக்ரட்டரி ஹாண்ட்'. அதுதான் தலையிடி. ஆங்கில 'ஈ' (e) திரும்பிப் பார்க்கும். 'எச்' வரிக்குக் கீழே வால் விட்டுத் தொங்கும். 'சி'யை 'ஆர்' என்று நினைப்பீர்கள். பெரிய 'எஃப்' போட வேண்டிய இடத்தில் சின்ன 'எஃப்' இரண்டு போடுவார்கள். 'யு'வும் 'வி'யும் ஒன்றுக்கொன்று மாறும், 'ஐ'யும் 'ஜே'யும் அப்படியே.

இதைக் கேட்டு ஆங்கிலப் பிள்ளைகள் பயப்படலாம், நாங்கள் ஏன் பயப்பட வேண்டும்? எங்கள் ஏட்டில் புள்ளி இல்லை. எகரமும் ஏகாரமும் ஒன்று. காலும் ரகரமும் ஒன்று. இடம் பார்த்துத்தானே எங்கள் ஆட்கள் வாசித்தார்கள்.

ஒரு சீ.ஆர். கொப்பி எடுங்கள். பக்கத்துக்கு ஓர் எழுத்து. கடிதத்தின் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டாம். கடைசியிலிருந்து தொடங்குங்கள். 'உமது அன்புள்ள சகோதரன்', 'உமது தாழ்மையான ஊழியன்' என்று முடிவு எப்படியும் ஒரே வாய்ப்பாடாகத்தான் வரும். என்ன சொல் என்று முதலே தெரிந்தபடியால், இந்த ஆள் எந்த எழுத்தை எப்படி வளைக்கிறான் என்று அதில் பிடிக்கலாம். பிடித்ததைக் கொப்பியில் அப்படியே வரையுங்கள். பிறகு திகதி வரி, பிறகு தொடக்கம், கடைசியாக நடு. எல்லை எடுக்கும்போது நான் செய்ததும் இதுதான். 'வடக்கு', 'கிழக்கு' என்று நிச்சயம் வருகிற சொல்லில் ஆளின் கையைப் படித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் காணிக்காரனின் பெயருக்குப் போவேன்.

சுருக்க எழுத்துகள் இன்னொரு தொல்லை. மேலே குட்டியாக ஏற்றி எழுதின எழுத்து இருந்தால் நடுவில் சிலது விழுங்கியிருக்கிறது. 'பி'யின் காலில் ஒரு கோடு வெட்டினால் அது 'பெர்' அல்லது 'பார்'. 'வை' (y) போலத் தெரிகிற எழுத்தோடு மேலே ஒரு 'ஈ' (e) இருந்தால் அதை 'யீ' என்று வாசிக்கக் கூடாது. அது பழைய 'த' ஒலி எழுத்தின் மிச்சம், சொல் 'த' (the) என்ற சுட்டுத்தான். பழைய உறுதிகளில் வருஷம், மாதம், நாள், மேற்படிக்கு ௵, ௴, ௳, ௸ பார்த்த எங்களுக்கு இதில் என்ன வியப்பு.

நீட்டெழுத்து 'எஸ்' பற்றி என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். அது 'எஃப்' மாதிரியே இருக்கும், குறுக்குக் கோடு மட்டும் இராது. ஒரு கடிதத்தில் ஒரு கனவானின் 'வைஃப்' (wife) என்று வாசித்து, அந்த மனைவியின் குணநலன் பற்றி அரைப் பக்கம் குறிப்பும் எழுதிவிட்டேன். சொல் 'வைஸ்' (wise). புத்திசாலி என்று சொல்லியிருக்கிறார்கள். மனுஷன் கலியாணமே கட்டவில்லை.

உறவுப் பெயரிலும் கால் இடறும். 'கசின்' என்று கண்டால் மச்சானா, ஒன்றுவிட்ட அண்ணனா, மருமகனா என்று கேளுங்கள். அக்காலத்தில் எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான். 'பிரதர்' கூடப் பிறந்தவனாகவும் இருக்கும், அத்தானாகவும் இருக்கும். மாமியாரையும் 'மதர்' என்பார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு குடும்ப மரம் வரைந்து சுவரில் ஒட்டாமல் தொடங்காதீர்கள்.

திகதி

நொக்ஸ் பிடிபட்டது 1660 சித்திரையில் (ஏப்ரல்). தகப்பன் காய்ச்சலில் கிடந்து இறந்தது மாசியில் (பெப்ரவரி), எங்கள் கணக்கில் 1661. ஆனால் அக்கால இங்கிலாந்துக்காரன் அந்த மாசியை 1660 என்றே எழுதுவான். தெரியாமல் வாசித்தால் பிடிபடமுன்னமே தகப்பன் செத்துவிட்டார் என்று வரும்.

காரணம், அவர்களுக்குச் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25இல். 1752இல்தான் ஜனவரி 1க்கு மாற்றினார்கள். பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது கஷ்டமே இல்லை. சித்திரையில் வருஷம் பிறக்கும் எங்களுக்கு, தையும் மாசியும் பழைய வருஷத்து வால்தானே. ஜனவரி 1க்கும் மார்ச் 24க்கும் இடைப்பட்ட திகதி கண்டால் இரண்டு வருஷத்தையும் சாய்கோடு போட்டு எழுதுங்கள்: 1660/61. அதோடு 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் போன்ற நாடுகள் இங்கிலாந்தை விட 10 நாள் முன்னே ஓடின. பாரிசிலிருந்து வந்த கடிதத்துக்கு லண்டனில் முதல் நாளே பதில் எழுதியிருந்தால் அது மந்திரம் அல்ல.

படி எடுப்பது

வரிக்கு வரி எடுங்கள். அவன் வரியை எங்கே முறித்தானோ அங்கேயே முறியுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். சுருக்கத்தை விரித்தால் நீங்கள் சேர்த்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். வாசிக்க முடியாததற்குப் புள்ளி, சந்தேகத்துக்குக் கேள்விக்குறி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கறையான் அரித்த ஓர் எல்லையை 'இப்படித்தான் இருக்கும்' என்று நிரப்பிவிட்டேன். இரண்டு குடும்பம் ஒன்பது வருஷம் கோட்டுக்கு நடந்தது. அன்றையிலிருந்து கேள்விக்குறிக்கு நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

கையெழுத்தை வாசிக்கிற கணினிச் செயலிகளும் இப்போது உண்டு. முதல் ஐம்பது கடிதம் வரைக்கும் தொடாதீர்கள். அதன் பிழை உங்களுக்குத் தெரிகிற நாளில் பாவிக்கலாம்.

ஒப்படை முடிந்த கிழமை பிள்ளை யாழ்ப்பாணத்துக்குப் போய் வந்தாள். என் ட்ரங்குப் பெட்டி 2009இல் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்த கடிதம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் நான் தங்கச்சிக்குச் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் அனுப்பின திறந்த கடிதம் ஒன்று அவளுடைய அலுமாரியில் இருந்திருக்கிறது. பிள்ளை அதை மேசையில் விரித்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே வரிக்கு வரி படி எடுத்தாள். என் எழுத்துப் பிழைகளையும் விடவில்லை. நான் திகதி போடவில்லை. 'தருமபுரம், செவ்வாய்க்கிழமை. மழை விடவில்லை. தறப்பாளுக்குள் தண்ணி. நாங்கள் எல்லாரும் சுகம்.' அவ்வளவுதான் தலைப்பு வரி. பின்பக்கத்தில் தங்கச்சியின் கையில், 'அக்கா, கிடைத்தது மார்கழி 19'. பிள்ளை போனில் நாட்காட்டி பார்த்து, 2008 புயல் மழையைப் பார்த்து, கார்த்திகை (நவம்பர்) 25 செவ்வாய் என்று கண்டுபிடித்து அடைப்புக்குள் எழுதினாள்.

"சரிதானே பெரியம்மா?"

அந்தச் செவ்வாயா, அதற்கு அடுத்த செவ்வாயா, எனக்கே நினைவில்லை. கேள்விக்குறியையும் போடு என்றேன்.